குவைட், ஃபேர்லி, ராதர், ப்ரிட்டி, வெரி: எந்த இடத்தில் எதை எழுதுவது?

ஆங்கிலத்தில் "குவைட்" என்ற சொல் இரண்டு வேலை பார்க்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதவை. "குவைட் ராங்" என்றால் முழுக்கத் தப்பு. "குவைட் குட்" என்பதைச் சொல்பவர் பிரிட்டிஷ்காரராக இருந்தால் பெரும்பாலும் ஓரளவு நல்லது என்று பொருள்; அமெரிக்கராக இருந்தால் நன்றாகவே இருக்கிறது என்று பொருள். பள்ளியில் "மிகவும்" என்று ஒரே பொருளை மனப்பாடம் செய்துவிட்டு வேலைக்கு வருகிறோம். பிறகு மெயிலிலும் ரெகமண்டேஷன் லெட்டரிலும் அப்ரைசல் படிவத்திலும் கை போன போக்கில் எழுதுகிறோம். பாராட்டாக எழுதியது படிப்பவரிடம் குறையாகப் போய்ச் சேர்கிறது.

மாற்றாகக் கையில் இருப்பவை நான்கு: ஃபேர்லி, ராதர், ப்ரிட்டி, வெரி. இலக்கணப் புத்தகங்கள் இவற்றை ஏறுவரிசையில் அடுக்கிக் காட்டும்: ஃபேர்லி கீழே, குவைட் அதற்கு மேல், ராதரும் ப்ரிட்டியும் அதற்கும் மேல், வெரி உச்சியில். வரிசை தப்பில்லை. ஆனால் அதை மட்டும் நம்பி எழுத முடியாது. ஒவ்வொன்றும் வாக்கியத்தில் எங்கே உட்காரும், பக்கத்தில் எந்தச் சொல்லைச் சேர்த்துக்கொள்ளும், எந்த ஊர்க்காரர் காதில் எப்படி விழும் என்பது தனித்தனி விஷயம்.

முதலில் பெயரடையைப் பாருங்கள்

"குவைட்" என்ன சொல்கிறது என்பதை அதற்குப் பின்னால் வரும் சொல்தான் முடிவு செய்கிறது. அந்தப் பெயரடை கூடக் குறைய இருக்கக்கூடியதா? சூடு கூடும், குறையும். விலை, நீளம், அழகு, களைப்பு எல்லாமே அப்படித்தான். இவற்றுக்கு முன்னால் வரும் "குவைட்" எவ்வளவு என்பதைச் சொல்கிறது. செத்துப்போவதில் கூடக் குறைய என்பது கிடையாது. "டெட்", "இம்பாசிபிள்", "யுனீக்", "பெர்ஃபெக்ட்", "ராங்" ஆகியவற்றுக்கு முன்னால் "குவைட்" வந்தால் முழுக்க, அடியோடு என்றே பொருள். "எக்ஸ்ட்ராஆர்டினரி", "ப்ரில்லியன்ட்", "அமேஸிங்" போல ஏற்கெனவே உச்சத்தில் இருக்கும் சொற்களோடு சேரும்போதும் அது அளவைக் குறைப்பதில்லை, அழுத்தம்தான் கொடுக்கிறது.

சந்தேகம் வந்தால் அந்தப் பெயரடையின் தமிழ்ச் சொல்லுக்கு முன்னால் "கொஞ்சம்" போட்டுப் பாருங்கள். "கொஞ்சம் சூடா இருக்கு" என்போம். "கொஞ்சம் செத்துட்டார்" என்று யாரும் சொல்வதில்லை. "கொஞ்சம்" ஒட்டாத இடத்தில் "குவைட்" முழுமையைக் குறிக்கும்.

இந்தச் சோதனைக்குள் அடங்காத சில சொற்களைத் தனியாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அன்றாடம் புழங்குபவை இவைதான். "குவைட் டிஃபரன்ட்" என்றால் முற்றிலும் வேறு. ஓரளவு வேறு என்று பொருளில்லை. "குவைட் ஷ்யூர்", "குவைட் செர்ட்டன்" என்றால் சந்தேகமே இல்லை. "குவைட் ரைட்" என்றால் நூற்றுக்கு நூறு சரி. "குவைட் சேஃப்" என்று ஒரு மருந்தைப் பற்றி டாக்டர் சொன்னால் பயப்பட ஒன்றுமில்லை என்கிறார். ஓரளவுக்குத்தான் பாதுகாப்பு என்று எடுத்துக்கொண்டு மாத்திரையைத் தள்ளி வைத்துவிடக் கூடாது.

"குவைட் ஹேப்பி" இன்னும் சிக்கலானது. "ஐ ஆம் குவைட் ஹேப்பி டு வெயிட்" என்று ஒருவர் எழுதினால், காத்திருப்பதில் அவருக்கு ஒரு தயக்கமும் இல்லை. அதே ஆள் "ஐ ஆம் குவைட் ஹேப்பி வித் தி டிசைன்" என்று எழுதினால் டிசைன் பரவாயில்லை என்பதற்கு மேல் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. முதல் வாக்கியத்தில் "ஹேப்பி" என்பது சம்மதம். அதில் பாதி கிடையாது. இரண்டாவதில் அது மகிழ்ச்சி. அது கூடும், குறையும்.

இந்த முழுமைப் பொருள்தான் மூத்தது. பழைய பிரெஞ்சில் கடன், கடமை முதலியவற்றிலிருந்து விடுபட்ட நிலையைக் குறித்த சொல்லிலிருந்து இது வந்தது. "க்விட்" என்ற வினைச்சொல்லும் அதே குடும்பம்தான். பாக்கி வைக்காமல் என்பதிலிருந்து முழுக்க என்றாகி, ஓரளவு என்ற பொருள் பின்னால் வந்து சேர்ந்தது. பழையதும் போகவில்லை, புதியதும் ஊன்றிவிட்டது. அதனால்தான் இன்றைக்கு இவ்வளவு குழப்பம்.

"குவைட் குட்": ஒரே வரி, இரண்டு மதிப்பெண்

கூடக் குறைய இருக்கக்கூடிய பெயரடைகளில்தான் தகராறு. "தி ரிப்போர்ட் இஸ் குவைட் குட்" என்று மான்செஸ்டரிலிருந்து மெயில் வந்தால் ரிப்போர்ட் தேறிவிட்டது, ஆனால் அவர் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை என்று எடுத்துக்கொள்வது பாதுகாப்பு. அடுத்த வரியில் ஒரு "பட்" வரக் காத்திருக்கலாம். அதே வரி சிகாகோவிலிருந்து வந்தால் பாராட்டு; நிம்மதியாக அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

பிரிட்டிஷ்காரர்களுக்குள்ளேயே பேச்சில் இன்னொரு பிரிவு உண்டு. "குவைட்" மேல் அழுத்தம் விழுந்தால் மதிப்பு குறையும். "குட்" மேல் அழுத்தம் விழுந்தால் மதிப்பு ஏறும். தமிழ்க் காதுக்கு இது புதிதல்ல. "சாப்பாடு நல்லாத்தான் இருக்கு" என்று இழுத்தால் ஏதோ குறை வாயில் நிற்கிறது என்று தெரியும். "சாப்பாடு நல்லாவே இருக்கு" என்றால் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருக்கிறது. நாம் "தான்", "ஏ" என்ற இரண்டு ஒட்டுகளால் செய்வதை அவர்கள் அழுத்தத்தால் செய்கிறார்கள். மொழிபெயர்க்கும்போதும் இந்த இரண்டு ஒட்டுகளும் "ஓரளவு", "மிகவும்" என்பவற்றைவிட நன்றாகக் கைகொடுக்கும்.

அழுத்தம் காதில் விழுவது. காகிதத்தில் அது வராது. தமிழில் "தான்" என்றோ "ஏ" என்றோ எழுதிவிடலாம், ஆங்கிலத்தில் "குவைட் குட்" என்று எழுதினால் எந்த "குட்" என்று கண்டுபிடிக்க வழியில்லை. போனில் இந்தச் சொல்லால் பெரிய ஆபத்தில்லை. மெயிலில், வாட்ஸ்அப்பில், கடிதத்தில் உண்டு.

அளவுச் சொல் ஊர் மாறினால் பொருள் மாறுவதற்குப் போர்க்கள உதாரணமே இருக்கிறது. 1951 ஏப்ரலில் கொரியப் போரில், இம்ஜின் ஆற்றங்கரையில், பிரிட்டிஷ் 29வது பிரிகேடின் தளபதி டாம் ப்ரோடி தன் அமெரிக்க மேலதிகாரியிடம் நிலைமை "எ பிட் ஸ்டிக்கி" என்று சொன்னதாகப் பரவலாகப் பதிவாகியிருக்கிறது. பிரிட்டிஷ் வழக்கில் அந்த "எ பிட்" அடக்கி வாசிப்பது. நிலைமை கைமீறிப் போகிறது என்று பொருள். அமெரிக்கர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்: கொஞ்சம் சிரமம், தாக்குப்பிடிப்பார்கள். குளோஸ்டர்ஷையர் ரெஜிமெண்டின் முதல் பட்டாலியன் குன்றின் மேல் சூழப்பட்டது. அதில் பெரும்பகுதியினர் சிறைப்பட்டார்கள். தோல்விக்கு அந்த ஒரு வார்த்தையே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் உதவி கேட்கிற இடத்தில் அடக்கி வாசிக்கிற சொல்லைப் போடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சம்பவம் கிடைப்பது கடினம்.

ஃபேர்லி: சுவையில்லை, ஆனால் குழப்பமும் இல்லை

ஓரளவு என்று மட்டும் சொல்ல வேண்டுமானால் "ஃபேர்லி"தான் சரியான தேர்வு. பெயரடைக்கு முன்னால் வரும்போது அதற்கு இரண்டாவது பொருள் கிடையாது, லண்டனிலும் நியூயார்க்கிலும் ஒரே மாதிரி புரியும். கருத்துக்கணிப்புப் படிவங்களில் இது இடம்பிடித்திருப்பது அதனால்தான். இங்கிலாந்தில் குடும்ப மருத்துவர்களைப் பற்றி நோயாளிகளிடம் கேட்கும் ஜிபி பேஷன்ட் சர்வேயில் "வெரி குட்"டுக்கு அடுத்த கட்டம் "ஃபேர்லி குட்". அங்கே "குவைட் குட்" என்று போட்டிருந்தால் பாதிப் பேர் ஒரு அர்த்தத்திலும் மீதிப் பேர் வேறு அர்த்தத்திலும் டிக் செய்திருப்பார்கள். அமெரிக்கக் கணிப்புகளில் இதே இடத்தில் "சம்வாட்" வருவது வழக்கம்.

நிச்சயத்தின் அளவைச் சொல்லும்போது "ஃபேர்லி"யும் "குவைட்"டும் வெகுதூரம் விலகிவிடுகின்றன. "ஐ ஆம் குவைட் ஷ்யூர் தி பேமென்ட் வென்ட் த்ரூ" என்றால் பணம் போய்விட்டது, பந்தயம் கட்டலாம். "ஐ ஆம் ஃபேர்லி ஷ்யூர்" என்றால் போயிருக்கும் என்றுதான் நினைக்கிறேன், ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அக்கவுண்ட்ஸ் பிரிவிலிருந்து எழுதுபவர் பேங்க் ஸ்டேட்மென்ட்டைத் திறந்து பார்க்காமல் முதலாவதை எழுதினால் அந்த வாக்கியம் பின்னால் அவர் மேலேயே திரும்பும்.

குறை என்றால், "ஃபேர்லி குட்" யாரையும் மகிழ்விக்காது. "சுமாரா நல்லா இருக்கு" என்று சொன்னால் சமைத்தவர் முகம் எப்படிப் போகுமோ அப்படித்தான். பாராட்ட நினைத்தால் இந்தச் சொல்லை நாடவே வேண்டாம். வினைக்குப் பின்னால் வந்தால் பொருளே மாறிவிடும் என்பதையும் கவனிக்க வேண்டும்: "ஹி வாஸ் ட்ரீட்டட் ஃபேர்லி" என்றால் அவரை நியாயமாக நடத்தினார்கள் என்று பொருள், ஓரளவு நடத்தினார்கள் என்றில்லை.

ராதர்: மனசு எட்டிப்பார்க்கும் சொல்

"ஃபேர்லி" அளந்து சொல்கிறது. "ராதர்" அளக்கிறவரின் அபிப்பிராயத்தையும் சேர்த்துச் சொல்கிறது. "ஃபேர்லி எக்ஸ்பென்சிவ்" என்றால் விலைத் தகவல். "ராதர் எக்ஸ்பென்சிவ்" என்றால் இவ்வளவு கொடுக்க எனக்கு விருப்பமில்லை என்ற முணுமுணுப்பும் சேர்ந்திருக்கிறது. ஒரு அறையைப் பார்த்து "ஃபேர்லி வார்ம்" என்றால் கதகதப்பாக இருக்கிறது, நல்லது. "ராதர் வார்ம்" என்றால் ஜன்னலைத் திறங்கள். ஆகவே குறைபாட்டுச் சொற்களோடுதான் இது அதிகம் சேரும்: "ராதர் டல்", "ராதர் லேட்", "ராதர் ஸ்லோ". நல்ல சொல்லோடு சேர்ந்தால் எதிர்பார்க்கவில்லை என்ற வியப்பு வரும். "தி ஃபுட் வாஸ் ராதர் நைஸ்" என்பதில் உணவு இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை என்பது தெரிகிறது. விருந்துக்கு அழைத்தவரிடமே இதைச் சொல்வது அவ்வளவு நாகரிகமில்லை.

மற்ற சொற்களால் முடியாத ஒரு வேலை "ராதர்" செய்யும். ஒப்பிட்டுச் சொல்லும் வடிவங்களுக்கு முன்னால் அது வரும்: "ராதர் பெட்டர்", "ராதர் மோர்". "டூ"வுக்கு முன்னாலும் வரும்: "ராதர் டூ லாங்". "ஃபேர்லி பெட்டர்", "ப்ரிட்டி பெட்டர்", "வெரி பெட்டர்" எல்லாமே தவறு. "குவைட் பெட்டர்" என்பது பிரிட்டிஷ் வழக்கில் ஒரே ஒரு சூழலில் மட்டும் வரும்: உடம்பு முழுக்கத் தேறிவிட்டது என்று சொல்ல. "திஸ் வெர்ஷன் இஸ் குவைட் பெட்டர்" என்று ஒரு சாஃப்ட்வேரைப் பற்றி எழுதுவது நம் ஊரில் சர்வசாதாரணம், ஆனால் அது தவறு. "மச் பெட்டர்", "எ லாட் பெட்டர்", "எ பிட் பெட்டர்" என்று தேவைக்கேற்ப எழுத வேண்டும்.

அமெரிக்காவில் இந்த "ராதர்" குறைவாகவே புழங்குகிறது. கொஞ்சம் பழைய பிரிட்டிஷ் வாசனையோடு கேட்கும். அமெரிக்க நிறுவனத்துக்கு எழுதும்போது இல்லாமலே சமாளிக்கலாம்.

ப்ரிட்டி

பேச்சுக்கும் சாட்டுக்கும் நல்ல சொல். அளவில் "குவைட்"டைவிட ஒரு படி மேல், இரண்டு நாடுகளிலும் பொருள் ஏறக்குறைய ஒன்று. "ப்ரிட்டி குட்" என்று மேனேஜர் டீம்ஸில் தட்டினால் நல்லதுதான். ஆனால் கடிதத்திலோ அறிக்கையிலோ தேர்வுத்தாளிலோ வந்தால் வேட்டி கட்டிய கல்யாணத்துக்கு அரை டிராயரில் போன மாதிரி இருக்கும். "ப்ரிட்டி மச்" என்பது வேறு: கிட்டத்தட்ட என்று பொருள். "தி வொர்க் இஸ் ப்ரிட்டி மச் டன்" என்றால் முடிந்த மாதிரிதான், துளி பாக்கி.

வெரி: நம் "ரொம்ப" அதில் அடங்காது

"வெரி"யில் குழப்பமே கிடையாது. எல்லா நாட்டாருக்கும் ஒரே பொருள். தெளிவாகப் பாராட்ட வேண்டுமா, கண்ணை மூடிக்கொண்டு "வெரி குட்" என்று எழுதலாம். நம் சிக்கல் வேறு இடத்தில். தமிழில் "ரொம்ப" எங்கே வேண்டுமானாலும் போகும்: ரொம்பப் பெரிசு, ரொம்பப் பிடிக்கும், ரொம்பப் பேர், ரொம்ப நேரம், எனக்கு இந்தச் சட்டை ரொம்பப் பெரிசு. ஆங்கிலத்தில் முதலாவதுக்கு மட்டும்தான் "வெரி". பிடிக்கும் என்பதற்கு "ஐ வெரி லைக்" வராது. "ஐ ரியலி லைக் இட்" அல்லது "ஐ லைக் இட் வெரி மச்". பேருக்கு "எ லாட் ஆஃப் பீப்பிள்". நேரத்துக்கு "எ லாங் டைம்". போட்டுக்கொள்ள முடியாத அளவுக்குப் பெரிய சட்டைக்கு "டூ பிக்".

கடைசி உதாரணம்தான் வெளிநாட்டவரை அதிகம் திகைக்க வைப்பது. "டூ" என்றால் தேவைக்கு மீறி, அதனால் ஒரு கெடுதல் அல்லது தடை. "தி காஃபி இஸ் டூ ஹாட்" என்றால் குடிக்க முடியவில்லை. நம் ஊரில் "யுவர் ஹவுஸ் இஸ் டூ பிக்" என்று மெச்சுவோம். கேட்பவருக்கு, இவ்வளவு பெரிய வீடு எதற்கு என்று கேட்ட மாதிரி இருக்கும். "தி ஃபிலிம் வாஸ் டூ குட்" என்பது இந்தியாவுக்குள் பாராட்டாகவே செல்லும், நண்பர்களுக்குள் சொல்லிக்கொள்வதில் தவறில்லை. கிளையன்ட்டிடம் "யுவர் டீம் இஸ் டூ ஃபாஸ்ட்" என்றால் வேகத்தைக் குறைக்கச் சொல்கிறீர்களா என்று கேட்பார்.

இன்னும் இரண்டு இடறல்கள். "வெரி மச் ஹேப்பி" தவறு. பெயரடைக்கு முன்னால் "வெரி" மட்டும் போதும். "வெரி எக்ஸலன்ட்", "வெரி பெர்ஃபெக்ட்" தேவையில்லை; உச்சத்துக்கு மேல் உச்சம் கிடையாது.

"எ" எங்கே வரும்?

அப்ளிகேஷனிலும் கட்டுரையிலும் அதிகம் சறுக்கும் இடம் இது. பெயர்ச்சொல் சேர்ந்து வரும்போது "குவைட்" மட்டும் "எ"க்கு முன்னால் போய் நிற்கும்: "குவைட் எ குட் ஐடியா". மற்றவை பின்னால் நிற்கும்: "எ ஃபேர்லி குட் ஐடியா", "எ ப்ரிட்டி குட் ஐடியா", "எ வெரி குட் ஐடியா". "ராதர்" இரண்டு பக்கமும் போகும்: "ராதர் எ குட் ஐடியா", "எ ராதர் குட் ஐடியா". "எ குவைட் குட் ஐடியா" கண்ணில் படுகிறது என்றாலும் காதுக்கு உறுத்தும். உச்சச் சொல்லாக இருந்தால் உறுத்தாது: "எ குவைட் எக்ஸ்ட்ராஆர்டினரி ஸ்டோரி" சரளமான ஆங்கிலம். இரண்டு பக்கமும் "எ" வைத்து "எ குவைட் எ குட் ஐடியா" என்று எழுதுவது மட்டும் எந்த ஊரிலும் செல்லாது. பன்மையில் "எ"யே இல்லாததால் பிரச்சினையும் இல்லை.

நடுவில் பெயரடை இல்லாமல் பெயர்ச்சொல் மட்டும் வந்தால் பொருள் ஒரேயடியாக ஏறிவிடும். "ஷி இஸ் குவைட் எ சிங்கர்" என்றால் லேசுப்பட்ட பாடகி இல்லை என்று பொருள். ஓரளவு பாடுவார் என்று மொழிபெயர்த்தால் முழுத் தவறு. "இட் வாஸ் குவைட் எ டே" என்றால் அன்றைக்கு நிறைய நடந்துவிட்டது.

வினைகளோடு "குவைட்"டும் "ராதர்"ரும் மட்டுமே சேரும். வினைக்கு முன்னால் நிற்கும். இங்கேயும் வினையைப் பார்க்க வேண்டும். "ஐ குவைட் அக்ரீ", "ஐ குவைட் அண்டர்ஸ்டாண்ட்" இரண்டும் முழுமை. "ஐ குவைட் லைக் இட்" ஓரளவு, பிடித்திருக்கிறது என்ற மட்டில். "ஐ ராதர் லைக் இட்" கொஞ்சம் வியப்போடு பிடித்திருக்கிறது.

எண்ணிக்கையும் எதிர்மறையும்

"ஃப்யூ" என்றால் மிகச் சிலர், போதாத அளவு. "எ ஃப்யூ" என்றால் சிலர். "குவைட் எ ஃப்யூ" என்றால் நிறையப் பேர். "சிலர்" என்ற சொல் உள்ளே இருப்பதால் ஏமாந்துவிடுகிறோம். தமிழில் "கொஞ்ச நஞ்சமில்லை" என்கிறோமே, அதே ஏற்பாடு: உள்ளே "கொஞ்சம்" இருக்கிறது, மொத்தத்தில் நிறைய என்று பொருள். "குவைட் எ ஃப்யூ கஸ்டமர்ஸ் கம்ப்ளெயின்ட்" என்று மெயில் வந்தால் நாலைந்து பேர் என்று நினைத்து வாரக் கடைசிக்குத் தள்ளிவிட வேண்டாம். "குவைட் எ லாட்", "குவைட் எ பிட்", "குவைட் சம் டைம்" எல்லாமே கணிசமான அளவைச் சொல்பவை.

"நாட்" சேர்ந்தால் வருவது எப்போதுமே முழுமையின் மறுப்பு: கிட்டத்தட்ட வந்துவிட்டது, எட்டவில்லை. "இஸ் இட் ரெடி?" "நாட் குவைட்." இன்னும் கொஞ்சம் பாக்கி. "ஐ டோன்ட் குவைட் அக்ரீ" என்றால் பெரும்பகுதி சரி, ஏதோ ஓரிடத்தில் இடிக்கிறது. மேலதிகாரியிடம் மறுப்புச் சொல்ல மரியாதையான வழி இது. "அவ்வளவா நல்லா இல்ல" என்பதை "நாட் குவைட் குட்" என்று எழுதுவது பரவலான தவறு. அதற்கு "நாட் வெரி குட்". "எனஃப்" சேர்த்தால் மட்டும் "குவைட்" திரும்ப வரலாம்: "நாட் குவைட் குட் எனஃப்", அதாவது தேவைப்படும் தரத்துக்கு மயிரிழை கீழே. இரண்டுக்கும் உள்ள தூரம் பெரிது. முதலாவது மோசம் என்பதன் நாசூக்கு. இரண்டாவது தேர்வில் 35 தேவைப்பட்ட இடத்தில் 33 வாங்கியது.

தனியாக "குவைட்" என்றோ "குவைட் ஸோ" என்றோ ஒரு பிரிட்டிஷ்காரர் பதில் சொன்னால் ஆமாம், சரியாகச் சொன்னீர்கள் என்று பொருள். முந்தின தலைமுறையில் அதிகம்.

இனி முடிவு

ரெகமண்டேஷன் லெட்டர் எழுதுகிற பேராசிரியருக்கு: "குவைட்" வேண்டாம், எந்த நாட்டுக்குப் போகிற கடிதமானாலும். "ஷி இஸ் குவைட் எ குட் ஸ்டூடன்ட்" என்ற வரியை ஒரு பிரிட்டிஷ் பல்கலைக்கழகம் படித்தால் இவருக்குச் சொல்ல வேறு நல்லது கிடைக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளும். "வெரி குட்" எழுதலாம். அதைவிட "60 பேர் வகுப்பில் முதல் 5 பேருக்குள்" என்று எழுதுவது பத்து வெரிக்குச் சமம்.

ஜூனியரின் வேலையைப் பற்றிச் சொல்லும்போது குறை இருந்தால் குறையை எழுதுங்கள். "குவைட் குட்" என்று மூடி வைத்தால் பிரிட்டிஷ் பழக்கமுள்ளவர் திருத்திக்கொள்வார். மற்றவர் பாராட்டு வாங்கியதாக நினைத்து அதே தவறை மறுபடி செய்வார். குறையில்லை என்றால் "வெரி குட்". சாட்டில் என்றால் "ப்ரிட்டி குட்" போதும்.

புகார் கடிதத்தில் "ராதர்" பிரிட்டிஷ் நிறுவனத்திடம் நன்றாக வேலை செய்யும்: "ராதர் டிஸப்பாயின்டட்" என்பது கோபத்தின் கண்ணியமான வடிவம். அமெரிக்க நிறுவனத்துக்கு "வெரி டிஸப்பாயின்டட்" என்று நேராக எழுதிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் நம் அடக்கம் அவர்களிடம் அலட்சியமாகிவிடும். சர்வர் நின்றுபோனது, ஆஸ்பத்திரி சமாசாரம், பாதுகாப்பு எச்சரிக்கை போன்றவற்றில் "எ பிட்", "குவைட்", "ராதர்" எதுவுமே கூடாது. என்ன நின்றது, எத்தனை மணிக்கு, யாருக்குப் பாதிப்பு என்று மட்டும் எழுத வேண்டும்.

ஐஈஎல்டிஎஸ் அகடெமிக் எழுத்துத் தேர்வின் முதல் பகுதியில் வரைபடத்தைக் குறைந்தது 150 சொற்களில் விவரிக்க வேண்டும். அங்கே "ப்ரிட்டி" பேச்சு வாடை அடிக்கும், "குவைட்" மங்கலாக இருக்கும். "ஸ்லைட்லி", "கன்சிடரப்ளி", "சிக்னிஃபிகன்ட்லி" என்று எழுதி, கூடவே எண்ணையும் கொடுக்க வேண்டும்: 42 சதவீதத்திலிருந்து 44க்கு ஏறினால் "ஸ்லைட்லி", 20லிருந்து 35க்கு ஏறினால் "கன்சிடரப்ளி". 2 சதவீதப் புள்ளி உயர்வுக்கு "டிரமாட்டிக்கலி" என்று எழுதுவதும் தவறுதான். சொல் பெரியதாக இருந்தால் மார்க் கூடும் என்ற நம்பிக்கையில் பலர் செய்வது.

எண்ணும் சொல்லும் சேர்ந்து போவதற்கு ஐநாவின் பருவநிலைக் குழுவான ஐபிசிசி வைத்திருக்கும் அளவுகோல் நல்ல முன்மாதிரி. அவர்கள் அறிக்கையில் "லைக்லி" என்றால் 66 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு, "வெரி லைக்லி" என்றால் 90க்கு மேல், "எக்ஸ்ட்ரீம்லி லைக்லி" என்றால் 95க்கு மேல், "வர்ச்சுவலி செர்ட்டன்" என்றால் 99க்கு மேல். அந்தப் பட்டியலில் "குவைட் லைக்லி" கிடையாது. ஒரு டீம் தனக்கென்று இப்படி ஒரு சின்னப் பட்டியலை ஒட்டி வைத்துக்கொண்டால் டெட்லைன் பற்றிய பேச்சுகளில் பாதிச் சண்டை குறையும்.

அப்படியானால் "குவைட்"டை எங்கேதான் எழுதுவது? முழுமைப் பொருளில் தாராளமாக: "குவைட் ரைட்", "குவைட் டிஃபரன்ட்", "குவைட் இம்பாசிபிள்". "குவைட் எ ஃப்யூ", "நாட் குவைட்" போன்ற தொடர்களிலும் தயங்க வேண்டாம்; இரண்டு நாட்டிலும் பொருள் ஒன்றுதான். "குட்", "நைஸ்", "இன்ட்ரஸ்டிங்" ஆகிய மூன்றுக்கும் முன்னால் எழுதப் போகும்போது மட்டும் கையை நிறுத்தி, "ஃபேர்லி"யா "வெரி"யா என்று உங்களையே கேட்டுக்கொண்டு இரண்டில் ஒன்றைப் போடுங்கள்.

எழுத்துக்கூட்டலையும் அனுப்புமுன் ஒருமுறை பாருங்கள். "அமைதி" என்ற பொருள் தரும் "குவையட்"டில் "ஈ" முன்னால், "டி" கடைசியில். "குவைட்"டில் "டி" முன்னால், "ஈ" கடைசியில். இரண்டுமே அகராதிச் சொற்கள் என்பதால் சாதாரண ஸ்பெல்செக் சிவப்புக் கோடு போடாது. "ப்ளீஸ் பி குவைட்" என்று நூலகச் சுவரில் ஒட்டிவிட்டால், கிழிக்கும்வரை அது அங்கேயே இருக்கும்.